நீல நட்டு

பெரியவன் தன் தம்பி பெண்டாட்டியோடு நேருக்கு நேர் பேசுவதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. பேச்சைத்தான் நிறுத்தினானே தவிர ஏச்சை நிறுத்தவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்தோ, அம்மாவைப் பார்த்தோ, முற்றத்தில் படுத்திருக்கும் நாயைப் பார்த்தோ சொல்லுவான். "நாய்க்குக்கூடத் தெரியும், நெருப்புக்கிட்ட விளையாடக் கூடாதுன்னு" என்பான். நாய் வாலை ஆட்டும். தம்பி பெண்டாட்டி, சின்னவள், சோற்றுத் தட்டோடு அடுப்பங்கரைக்கு எழுந்து போவாள்.

அந்த வீட்டு முற்றத்தில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. நடுவே தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் பெரியவனுடைய சாமான்கள்: பிளாஸ்டிக் குழாய்கள், பித்தளைக் குழாய்த் தலைகள், யாரோ வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த ஒரு வாஷ்பேசின். கட்டுகிற வீடுகளுக்கெல்லாம் தண்ணீர்க் குழாய் போடுகிறவன் அவன். நல்ல வேலைக்காரன்தான், ஆனால் எதையும் அளவோடு இறுக்கத் தெரியாது. கட்டிக்கொண்டு வந்தவள் ஆறே மாதத்தில் பிறந்த வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. அவளையும் அப்படித்தான் இறுக்கியிருப்பான் என்று தெருவில் சிரிப்பார்கள்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் சின்னவனுடைய ரேஸ் கார். வாரம் முழுக்க லாரிப் பட்டறையில் கிரீஸில் புரளுவான். வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ இந்தக் காரில் ஏறி உட்கார்ந்தால்தான் தான் பிறந்ததற்கு ஓர் அர்த்தம் என்று நினைப்பவன். அவனுக்கு வாய்த்தவளும் அதற்குத் தோதானவளே. அவளுடைய அப்பா மண் அள்ளும் இயந்திரங்களுக்கு எண்ணெய்க் குழாய் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில்தான் கிடப்பாள். குழாயை வெட்டுவதும் முனையில் நட்டு மாட்டுவதும் அவளுக்குப் பின்னல் போடுவதைவிட நன்றாக வரும். மாமியார் அவளுக்கு வைத்த பெயர் 'ஸ்பேனர்'. ஆரம்பத்தில் அதில் கொஞ்சம் செல்லம் இருந்தது.

செல்லம் போனது தீயோடு. போன வருஷம், பந்தயத்துக்கு முந்தின பயிற்சிச் சுற்றிலேயே, இன்ஜினுக்கு மேலே போகும் பெட்ரோல் குழாயின் நட்டு பிளந்தது. கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் சொட்டியிருக்கும். இது இன்ஜெக்ஷன் வண்டி. ஸ்விட்சைப் போட்டதிலிருந்து பம்ப் முழு அழுத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும்; ஊசிமுனை இடுக்கு கிடைத்தாலும் பெட்ரோல் பனிபோலப் பீச்சும். பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்த சைலன்சர். சின்னவன் பெல்ட்டைக் கழற்றி வெளியே விழுவதற்குள் இடது கை முழங்கைவரை வெந்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் கையின் விரல்கள் முழுசாக மடங்குவதில்லை.

குழாய் போட்டவள் யார்? சின்னவள். அதற்கு மேல் யாருக்கும் விசாரணை தேவைப்படவில்லை, அவளுக்கே தேவைப்படவில்லை. அந்த நட்டை எப்படி மாட்டினோம், எத்தனை சுற்று சுற்றினோம் என்று மனசுக்குள் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். தப்பு எங்கே என்று தெரியவில்லை. தெரியாததால் தன் தப்பு இன்னும் பெரியது என்று முடிவு செய்துகொண்டாள். எரிந்துபோன அந்தக் குழாயைப் பெரியவன் கையோடு கொண்டுவந்து, கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஓர் ஆணியில் மாட்டிவைத்தான். "கெடக்கட்டும். பாக்கறவங்க பாத்துத் திருந்தட்டும்" என்றான், சுவரிடம்.

இந்த வருஷமும் பந்தயம் வந்தது. கருகின வண்டியைச் சின்னவன் வருஷம் முழுக்கத் தட்டித் தட்டி நேராக்கியிருந்தான். பெட்ரோல் குழாய்தான் பாக்கி. "நீயே போடு" என்றான் ஒரு நாள், அவள் முகத்தைப் பாராமல். அந்த ஒரு சொல்லுக்கு அவள் எவ்வளவு ஏங்கியிருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது. புருஷன் தன்னை நம்புகிறான் என்று அன்றைக்கு இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மழை வருகிறேன் வருகிறேன் என்று பயம் காட்டிக்கொண்டிருந்த வானம், புழுக்கத்தை மட்டும் இறக்கிவிட்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே அவள் தரையில் உட்கார்ந்து வேலை செய்தாள். எஃகுக் கம்பி பின்னிய குழாய் அது. வெட்டுகிற இடத்தில் டேப் சுற்றாமல் வெட்டினால் கம்பி பிரிந்து விரலைக் குத்தும். சுற்றி வெட்டினாலும் கொஞ்சம் குத்தத்தான் செய்யும். வெட்டின குழாய்க்குள் காற்றடித்து, பெட்ரோல் விட்டு அலசி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். உள்ளே ரப்பர்த் துணுக்கு ஒன்று மாட்டிக்கொண்டாலும் போதும், நேராகப் போய் இன்ஜெக்டரை அடைத்துவிடும்.

வாசற்படியில் மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? போன தடவை கை. இந்தத் தடவை என்ன கணக்கு?"

"ஒண்ணும் ஆகாது அத்தை."

"போன தடவையும் இதே வாய்தானே சொல்லிச்சு."

"அவர்தான் என்னைப் போடச் சொன்னாரு அத்தை."

"சொல்லுவான். முந்தானையில முடிஞ்சுல்ல வச்சிருக்க. பெத்தவ வயித்தெரிச்சல் அவனுக்கு எங்க தெரியப்போவுது."

சின்னவள் வெங்காயத்துக்கும் சேர்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டேங்கிலிருந்து ஃபில்டர், பம்ப், அதற்கப்புறம் இன்னொரு ஃபில்டர், அங்கிருந்து வண்டியின் அடிவயிற்றோடு முன்னால் இன்ஜினுக்கு. மிஞ்சின பெட்ரோல் திரும்பி டேங்குக்கே வர இன்னொரு குழாய். எல்லாம் முடிந்து இன்ஜினுக்கு மேலே போகிற கடைசித் துண்டு மட்டும் நின்றது. குட்டையானால் இழுக்கும், நீண்டால் சைலன்சரில் உரசும். சரியான நீளம் எது என்று யோசித்தபோதுதான் உறைத்தது: சரியான நீளம் ஆணியில் தொங்குகிறது.

ஒரு வருஷமாக அதை அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. எழுந்து போய், பாம்பைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் எடுத்தாள். அளந்தாள். திரும்ப மாட்டப் போனவள், நட்டின் அளவையும் பார்த்துக்கொள்ளலாம் என்று துணியில் பெட்ரோல் நனைத்துக் கரியைத் துடைத்தாள். நட்டின் நீல நிறம் தெரிந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

நட்டின் ஆறு பக்கமும் கடித்து வைத்த மாதிரி பல் தடம். பிளவு ஓடியிருந்தது அந்தக் கடியின் நடுவிலிருந்து.

அலுமினிய நட்டு. அதற்கென்று வழவழப்பான வாய் உள்ள ஸ்பேனர் தனியாக உண்டு, அதைத் தவிர வேறெதையும் அவள் அதன் மேல் வைத்ததில்லை. பல் உள்ள கருவி இந்த வீட்டில் ஒன்றே ஒன்று, பெரியவனுடைய பைப் ரெஞ்ச். நட்டின் வாயைத் திருப்பி, மரைக்குள் ஊசியால் நோண்டினாள். வெள்ளையாக ஒரு நூல் வந்தது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்.

தண்ணீர்க் குழாயில் கசிவைத் தடுப்பது மரை, அதனால் டேப் சுற்றி முழு பலத்தையும் போட்டு முறுக்குவார்கள். பெட்ரோல் நட்டில் மரைக்கு அந்த வேலையே இல்லை. உள்ளே கூம்பும் கூம்பும் முகத்தோடு முகம் ஒட்டி உட்கார்ந்தாலே போதும். அங்கே டேப்பைத் திணித்து ரெஞ்சால் முறுக்கினால் கூம்பு உட்காராது, நட்டு பிளக்கும். பெரியவன் எரிந்த குழாயை ஒளிக்காமல் ஊர் பார்க்க மாட்டி வைத்ததும் இதனால்தான். அவன் போட்ட எந்தக் குழாயில் பல் தடம் இல்லை? தடம் இருந்தால் வேலை முடிந்தது என்று அவனுக்கு அர்த்தம். அதை ஒரு குற்றமாக அவன் கண்டதே இல்லை.

சாயங்காலம் சின்னவன் வந்து முகம் கழுவிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். அவள் நட்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள், அந்த வெந்த கையில்.

"இதை எதுக்கு எறக்கின?"

"அன்னிக்குக் காலையில பந்தய மைதானத்துல நான் நுழைவுச் சீட்டு வாங்க வரிசையில நிக்கப் போனேனே. அப்ப யாரு இதைத் தொட்டது?"

அவன் நட்டையே பார்த்தான்.

"லேசா ஈரம் மாதிரி தெரிஞ்சுது. அண்ணன் சாமான் பையோட பக்கத்துல நின்னுச்சு. ஒரு இறுக்கு இறுக்குண்ணேன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"டேப்பு?"

"அதுவும் சுத்திச்சு."

"வரிசைக்குப் போறதுக்கு முன்னாடி நான் துடைச்ச பெட்ரோலுங்க அது. அந்த ஈரம் தானா காஞ்சிருக்கும்." அவள் நட்டை அவன் கையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டாள். "இதனாலதான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலயே தோணிச்சு."

"ஆஸ்பத்திரியிலயே."

"அண்ணன்னு தெரிஞ்சா அம்மா தாங்காது. வீடு ரெண்டாப் போயிடும்."

"நான்னா தாங்குச்சு, இல்ல? ஒரு வருஷமா இந்தக் கைக்கு மருந்து போடறேன். ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுக்கிட்டே போட்டேன். நீங்க கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

அவன் வாயைத் திறப்பதற்குள் பெரியவன் பையும் கையுமாக உள்ளே வந்தான். பின்னாலேயே மாமியாரும். சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும்.

"என்னம்மா, கொட்டகையில கச்சேரி?" என்றான் பெரியவன், அம்மாவிடம்.

சின்னவள் நட்டைத் தூக்கிக் காட்டினாள். "மாமா, என்னைப் பாத்துப் பேசுங்க. இது உங்க ரெஞ்ச் பல்லு. இந்த டேப்பு உங்க டேப்பு. அன்னிக்குக் காலையில நீங்கதான் இதை முறுக்குனீங்க."

பெரியவன் ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல் முறையாக அவளைப் பார்த்தான். முகம் கறுத்துவிட்டது.

"நானா? பெட்ரோல் குழாயை நான் எதுக்குத் தொடறேன்? எனக்கென்ன வேலை கெடையாதா? ஏம்மா, போட்டது இவ, எரிச்சது இவ, இப்பப் பழிபோட ஆள் தேடறா பாரு." தம்பி பக்கம் திரும்பினான். "டேய், நீயே சொல்லு. நான் தொட்டேனா?"

தகரத்தில் இரண்டு மூன்று தூற்றல் விழுந்தது. மூன்று பேரும் சின்னவனைப் பார்த்தார்கள்.

"இல்லண்ணே" என்றான் சின்னவன்.

"கேட்டுக்கிட்டியாம்மா!" என்றான் பெரியவன். மாமியார் சின்னவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கட்டினவனைச் சுட்டது போதாதா? கூடப் பொறந்தவனையும் சேத்துச் சுடணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

சின்னவள் அந்த நிமிஷத்தில் புருஷனை வெறுத்தாள். வேறு எந்தச் சொல்லும் அதற்குப் பொருந்தாது. பெரியவன் அவளுக்கு என்றைக்கும் எதிரிதான், எதிரி பொய் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. இவன் மருந்து போடுவதற்குக் கை நீட்டியவன்.

சனிக்கிழமை முழுவதும் யாரோடும் பேசாமல் வேலை செய்தாள். பாதியில் விட்டுவிட்டுப் போகத்தான் முதலில் தோன்றியது. விட்டால், 'பயந்துட்டா பாத்தியா' என்பார்கள். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்குக் கொடுக்க மனசில்லை. கடைசித் துண்டை வெட்டி, அலசி, மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கூம்பை உட்காரவைத்துக் கையால் சுற்றி, ஸ்பேனரால் கொஞ்சமே கொஞ்சம் இறுக்கினாள். இன்ஜினை எழுப்பாமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, வெள்ளைக் காகிதத்தை ஒவ்வொரு மூட்டிலும் ஒற்றி எடுத்தாள். எல்லாம் உலர்ந்தே வந்தது. கடைசியாக நகப்பூச்சுப் புட்டியை எடுத்து, ஒவ்வொரு நட்டிலும் அதை ஒட்டின பகுதியிலும் சேர்த்தாற்போல் ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்பா கடையில் பெயிண்டால் போடுவார்கள். நகத்துக்குப் பூசிப் பார்க்கத்தான் அவளுக்கு நேரம் இல்லை, புட்டியாவது பயன்படட்டும்.

ஞாயிறு விடிந்ததும் வண்டியை ஏற்றிப்போக லாரி வந்து தெருவில் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான். மாமியார் டீ போட்டு எல்லோருக்கும் கொடுத்தாள், சின்னவளுக்கு மட்டும் டம்ளரை அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டாள். சின்னவள் டார்ச்சோடு பின்னாலிருந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். டேங்கு. ஃபில்டர். பம்ப். எல்லாம் நேர்கோடு. இன்ஜினுக்கு மேலே உள்ள கடைசி நட்டில் கோடு இரண்டாக உடைந்து, பாதி ஒரு பக்கமும் பாதி இன்னொரு பக்கமுமாக விலகியிருந்தது.

பல் தடம் இல்லை. வழவழப்பான ஸ்பேனர். அவளுடைய ஸ்பேனர்.

"யாரு இறுக்கினது?"

சின்னவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நான்தான். நேத்து நீ குளிக்கப் போனப்ப. சும்மா ஒரு கால் சுத்து. மனசு கேக்கல."

மனசு கேட்கவில்லையாம். நெருப்புக்குக் காரணம் அவள் இல்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்தே தெரிந்தவனுக்கு மனசு கேட்கவில்லை. ஊர் சொன்னதை அவள் நம்பியதுபோலவே, பொய்யை மறைத்துவைத்தவனும் அந்தப் பொய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்கியிருக்கிறான். அவள் நட்டைக் கழற்றி, ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தாள். ஓரிடத்தில் நகம் தட்டி நின்றது. டார்ச்சை அடித்துக் காட்டினாள். மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

"இப்பப் பம்பைப் போட்டா கசியாது. சூடேறி அதிர ஆரம்பிச்சா பிளக்கும். எந்த இடத்துல, எப்படின்னு உங்களுக்கே தெரியும்."

அவன் வெந்த கையை மறு கையால் பிடித்துக்கொண்டான். லாரிக்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான்.

"உதிரி இருக்கா?"

"ஒண்ணு இருக்கு." அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டி மூடிக்கொண்டாள். "உங்க அம்மாவையும் அண்ணனையும் கூப்பிடுங்க. வெள்ளிக்கிழமை சொன்ன பொய்யை மாத்திச் சொல்லுங்க. அப்புறம் மாட்டறேன்."

"இப்பவா? லாரி நிக்குது."

"நிக்கட்டும்."

"வந்து சொல்றேன். சத்தியமா."

"வந்து சொல்ல ஒரு வருஷம் இருந்துச்சு."

பெரியவன் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தானாகவே வந்துவிட்டான், மாமியாரும் வந்தாள். வண்டி இன்னும் லாரியில் ஏறாததைப் பார்த்ததும் பெரியவனுக்குக் குஷி. "என்னடா, இவ போட்டது இந்தத் தடவ வாசலைக்கூடத் தாண்டாது போல" என்றான்.

சின்னவன் லாரியைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். ஒரு வருஷம் தட்டி நிமிர்த்தின தகடு, புதுப் பெயிண்ட், இன்ஜினுக்கு மேலே நட்டில்லாமல் வாயைத் திறந்துகொண்டிருந்த குழாய்.

"அண்ணே, போன வருஷம் நீதான் முறுக்கின. நான்தான் உன்னை முறுக்கச் சொன்னேன். அம்மா, இவ போட்ட குழாயில ஒரு தப்பும் இல்ல. இன்னிக்கும் இல்ல. நான்தான் கையை வச்சுக் கெடுத்தேன்."

மாமியார் கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்து டீ முற்றத்தில் கொட்டியது. பெரியவன், "பொண்டாட்டிதாசன்! கூடப் பொறந்தவனைக் காட்டிக்கொடுத்துட்டியேடா!" என்று கத்தினான். பையைத் தூக்கி எறிந்தான். பைப் ரெஞ்ச் வெளியே தெறித்து உருண்டு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வந்து கிடந்தது. "இனி இந்த வீட்டுல ஒரே உலை இல்ல. கேட்டுக்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனான்.

சின்னவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சொல்லிட்டேன். சீக்கிரம் மாட்டு, லாரி போயிடும்" என்றான். அவன் கண் குழாயின் வாய்மேலேயே இருந்தது.

ஒரு வருஷமாகப் பெண்டாட்டிக்காகத் திறக்காத வாய் வண்டிக்காகத் திறந்தது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்தது இவ்வளவுதானா? ஆனாலும் கை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. குழாய் முனையை ஒரு விரற்கடை வெட்டினாள். காற்றடித்தாள், அலசினாள், வெளிச்சத்தில் பார்த்தாள். புது நட்டை மாட்டிக் கூம்பை உட்காரவைத்து அளவோடு இறுக்கினாள். பம்பைப் போட்டுக் காகிதத்தை ஒற்றினாள். உலர்ந்தே வந்தது. சிவப்புக் கோடு இழுத்தாள்.

வண்டி லாரியில் ஏறியது. சின்னவன் முன்னால் ஏறிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "வா, ஏறு" என்றான்.

"நான் வரல."

"அங்க ஏதாவது கசிஞ்சா?"

"கசியாது. யாரும் தொடாம இருந்தா."

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் கொட்டகைக்குள் போய், கழுவித் துடைத்த பழைய குழாயை நீல நட்டு வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி அதே ஆணியில் மாட்டினாள். இன்றைக்கு விரிசல் விட்ட நட்டை ஒரு கம்பியில் கோர்த்து அதன் பக்கத்திலேயே தொங்கவிட்டாள். மாமியார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எதுக்குடி அதை மாட்டற? அதான் சொல்லிட்டானே."

"பல்லு பதிஞ்சது உங்க பெரிய பிள்ளை முறுக்கினது அத்தை. பதியாதது சின்ன பிள்ளை முறுக்கினது." தெருமுனையில் லாரி திரும்புகிற சத்தம் கேட்டது. "நான் போட்டது அதோ போவுது."